குளத்து நாரையும் எதிர்க்கரைப் பன்றியும்

செம்பாறைக் குளம் வற்றிக்கொண்டிருந்தது. அதனால் விலங்குகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தன.

"நடுவுல தோண்டுவோம். அடியில ஊத்து இருக்கு!" என்றது ஒரு கண் போன காட்டுப்பன்றி.

"தோண்ட வேண்டாம். மேல கல்லு சரிஞ்சு ஓடை வேற பக்கம் திரும்பிடுச்சு. நான் பறக்கும்போது பார்த்தேன். கல்லைப் புரட்டினா தண்ணி இங்க வந்துடும்" என்றது நாரை.

"ஓடையை நம்பினா கோடைக்குக் கோடை ஏமாறணும். ஊத்துதான் நிலைக்கும்!"

இரண்டு பேச்சிலும் நியாயம் இருப்பதுபோல்தான் தெரிந்தது. பன்றியின் ஆட்கள் மேற்குக் கரையில் நின்றார்கள். நாரையின் ஆட்கள் கிழக்குக் கரையில் நின்றார்கள்.

நாரைக்கு இது வெறும் கட்சி விஷயம் அல்ல. கரையோர மருதமரத்தில் அதன் குஞ்சுகள் இரண்டு இருந்தன. இன்னும் பறக்கத் தெரியாதவை. குளம் வற்றினால் மற்றவர்கள் வேறு குளம் தேடிப் போகலாம். அவற்றால் போக முடியாது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு தரப்பும் குளத்து நடுப்பாறையில் ஏறிப் பேச வேண்டும். கேட்கிறவர்கள் பேச்சு பிடித்தால் கரை மாறி நடந்து போகலாம். வெயில் சாயும்போது எந்தக் கரையில் கூட்டம் அதிகமோ அந்தக் கட்சி சொன்னபடி நடக்கும்.

முதலில் பன்றி பேசியது. பேசி முடித்ததும் அதன் பக்கத்துத் தவளைகள் கத்தின.

"குச்சிக்காலிக்கு ஓட்டுப் போடாதே! குச்சிக்காலி நம்ம பிள்ளைங்களை முழுங்குறவ!"

தவளைகளின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. பன்றி அவற்றை அதட்டவும் இல்லை.

அடுத்து நாரை ஏறியது. அது வாய் திறப்பதற்குள் ஓணான் தாவிப் பாறைமேல் வந்தது. நாரை எதைச் சொன்னாலும் தலையாட்டும் தொண்டன் அது.

"ஒத்தைக்கண்ணன் ஏன் தோண்டச் சொல்றான் தெரியுமா? அடியில கோரைக்கிழங்கு கிடக்கு! நமக்குச் சேறு, அவனுக்குச் சோறு! இருக்கற ஒரு கண்ணும் கிழங்குமேலதான்!"

கிழக்குக் கரை சிரித்தது. மேற்குக் கரையிலும் சிலர் சிரித்தார்கள். அங்கே நின்ற மான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு கூட்டமாகக் கரை மாறி நடக்கத் தொடங்கின. மான்கள் வந்து சேர்ந்துவிட்டால் நாரைக்கு வெற்றிதான்.

நாரை மருதமரத்தைப் பார்த்தது. பிறகு ஓணானைப் பார்த்தது.

"இறங்குடா கீழே!" என்றது.

"அக்கா, ஜெயிக்கப் போறோம்!"

"இறங்கு."

ஓணான் இறங்கியது. நாரை கூட்டத்தைப் பார்த்துப் பேசியது.

"பன்றியண்ணன் கண்ணைப் பத்தி இங்க பேச்சு வேண்டாம். கிழங்குக்காகத் தோண்டுறார்ங்கறதும் பொய். போன கோடையில அவர் தோண்டின கிழங்குல பாதியை முயலுங்களுக்குக் கொடுத்தார். நானே பார்த்தேன். அவர் சொல்ற வழி தப்புன்னு நினைக்கிறேன். அவரைத் தப்பானவர்னு நான் நினைக்கலை. இனி ஓடையைப் பத்திச் சொல்றேன், கேளுங்க."

ஓடையைப் பற்றி நன்றாகத்தான் சொன்னது. ஆனால் மான்கள் நடுவழியில் நின்றன. "அவர் நல்லவர்தானாமே" என்று ஒரு மான் சொன்னது. எல்லாம் திரும்பி நடந்தன.

வெயில் சாய்ந்தது. மேற்குக் கரையில்தான் கூட்டம் அதிகம்.

"கையில வந்ததைத் தட்டி விட்டுட்டியே அக்கா!" என்று ஓணான் அழாத குறையாகச் சொன்னது.

"ஆமா" என்றது நாரை.

மறுநாள் பன்றிகள் தோண்டின. கொஞ்ச நேரத்தில் குழியில் தண்ணீர் கசிந்தது. தவளைகள் கும்மாளம் போட்டன. நாரை குழிக்குள் இறங்கி, தரையில் அலகைச் செருகிப் பார்த்தது. அலகு நுனியில் மணல் ஒட்டியிருந்தது.

"அண்ணே, நிறுத்துங்க! களிமண் முடிஞ்சு போச்சு. அடியில வெறும் மணல். இன்னும் ரெண்டு முட்டு முட்டினா, இருக்கற தண்ணியும் உள்ள இறங்கிடும்."

"தோத்த வயித்தெரிச்சல்!" என்று தவளைகள் கத்தின. "ஊத்து வரப்போற நேரம் பார்த்துக் கெடுக்க வந்துட்டா! நம்பாதீங்க தலைவரே!"

பன்றி மூக்கை உயர்த்தியது. குழியைப் பார்த்தது. நாரையைப் பார்த்தது. அதற்கு மணல் தெரியவில்லை. குழி முழுக்கக் கலங்கல்.

"வாயை மூடுங்க" என்றது தவளைகளிடம். "நேத்து ஒரு பொய்யைச் சொல்ல விட்டிருந்தா இந்தம்மா ஜெயிச்சிருக்கும். தன் ஆளுங்க சொன்ன பொய்யையே பொறுக்காதவங்க, இன்னைக்கு வந்து எங்கிட்டப் பொய் சொல்வாங்களா?"

"ஆனா தலைவரே, குச்சிக்காலி..."

"நாரையம்மான்னு சொல்லு! நேத்தே சொல்லியிருக்கணும் நான்."

பன்றி தன் ஆட்களைக் கூப்பிட்டுக் குழியில் களிமண்ணைத் தள்ளி மிதிக்கச் சொன்னது. வேலை முடிந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டது:

"அந்தக் கல்லு எங்கம்மா கிடக்கு?"

நாரை முன்னால் பறந்தது. பன்றிகள் பின்னால் ஓடின. கல் பெரிதாகத்தான் இருந்தது. பன்றிகள் மூக்கால் முட்டின. மான்கள் கொம்பால் நெம்பின. கடைசியில் அது புரண்டது. ஓடை பழைய வழியில் திரும்பியது. குளத்துக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தபோது மருதமரத்தில் இரண்டு குஞ்சுகளும் பசியில் கத்திக்கொண்டிருந்தன. நாரை அவற்றுக்கு மீன் பிடிக்கப் போனது.

பன்றி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"அடுத்த வருஷமும் நான் தோண்டத்தான் சொல்வேன். வேற இடத்துல" என்றது.

"நான் வேண்டாம்னுதான் சொல்வேன்" என்றது நாரை.

"சொல்லுங்க. நல்லா சத்தமாச் சொல்லுங்க. எங்க கரையிலயும் கேக்கட்டும்!"

எதிரணியில் இருப்பவரைப் பற்றியும் மரியாதை குறையாமல் பேசுகிறவரின் சொல்லைத்தான், ஆபத்து வரும்போது எதிரணியும் நம்பும்.