கரடி கடந்து போகும் இடம்

“டீச்சர், என் கரடி பையனைத் தாண்டிப் போகமாட்டேங்குது. நேரா மேல வந்து விழுது,” என்றார் பொன்னுரங்கம்.

ஒலிக்கூடத்தில் கணினி முன்னால் இருந்த ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அவர் வயதில் பாதிகூட இல்லை. ஆனால் ஒலிக்கலவை கற்க வந்த நாளிலிருந்து, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாரான அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்.

பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளிக்கு அவர் ஓர் ஒலிக்கதை செய்திருந்தார். புதருக்குள் ஒரு பையன் ஒளிந்திருக்கிறான். கரடி உறுமிக்கொண்டே இடது ஸ்பீக்கரிலிருந்து வலது ஸ்பீக்கருக்குக் கடந்து போக வேண்டும். நடுவில் வந்ததும் உறுமல் பெருத்துவிடுகிறது. போன வாரம், கரடி தங்களிடம்தான் வருகிறது என்று பிள்ளைகள் அழுதுவிட்டார்கள்.

“இன்னொரு தடவை அழுதா கதையே வேண்டாம்னு தலைமையாசிரியை சொல்லிட்டாங்க. நாளைக்குத்தான் கடைசி வாய்ப்பு.”

“நடுவுல ரெண்டு ஸ்பீக்கரும் எவ்வளவு பேசுது?”

“முழுசா.”

சொன்னவுடனே அவர் முகம் தெளிந்தது.

“ஆளுக்குப் பாதின்னு வச்சுடறேன். பாதியும் பாதியும் ஒண்ணு. கணக்கு சரியாப் போச்சு.”

“கணக்கு சரி. காதைக் கேட்டீங்களா?”

அடுத்த அறையில் ஒலிக்கூட உதவியாளர் மோசஸ் வயர் சுற்றிக்கொண்டிருந்தார்.

“மோசஸ் அண்ணே, கொஞ்சம் கரடியா வாங்க.”

“வீட்லயும் அப்படித்தான் கூப்பிடுறாங்க,” என்றபடி வந்தார் மோசஸ்.

பொன்னுரங்கம் நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இடப்பக்கம் ஜெசிந்தா உறுமத் தொடங்கினாள். வலப்பக்கம் மோசஸ் சேர்ந்துகொண்டார். இருவரும் முழுத் தொண்டையில் உறுமியபோது பொன்னுரங்கம் நாற்காலியோடு பின்வாங்கினார்.

“மேல வந்துடுச்சு.”

மறுபடி உறுமினார்கள். இந்த முறை நடுவில் ஆளுக்குப் பாதிக் குரல்.

“இப்போ?”

“குழிக்குள்ள விழுந்து ஏறி வருது.”

“கணக்கு சரிதானே சார்?”



மூன்றாம் முறை அவள் மோசஸின் குரலைக் கேட்டுக்கேட்டுத் தன் குரலைத் தணித்தாள். மோசஸ் அவள் குரலைக் கேட்டுக்கேட்டுத் தன் குரலை ஏற்றினார். உறுமல் பெருக்கவும் இல்லை, இளைக்கவும் இல்லை. பொன்னுரங்கத்தின் மூக்குக்கு முன்னால் நடந்து, வலப்பக்கம் போய்விட்டது.

அவர் உடனே கண்ணைத் திறக்கவில்லை.

“எவ்வளவு குறைச்சீங்க டீச்சர்?”

“யாருக்குத் தெரியும்? நீங்கதான் கணக்கு வாத்தியார்.”

அவர் கணினியிடம் போனார். நடுவில் ஒலியை எவ்வளவு குறைப்பது என்று மென்பொருளில் ஓர் அமைப்பு இருந்தது. அது பூஜ்யத்தில் நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார். ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக் கேட்டார். மூன்று டெசிபல் குறைத்த இடத்தில் கை நின்றது.

பிறகு காகிதத்தில் போட்டுப் பார்த்தார்.

“ஒவ்வொரு பக்கமும் முக்காலுக்குக் கொஞ்சம் கீழ. கூட்டினா ஒண்ணைத் தாண்டுதே டீச்சர்?”

“கரடி என்ன பண்ணுது?”

“நடந்து போகுது.”

“அப்புறம் என்ன?”

மறுநாள் பள்ளிக்கூடத்தில் பொன்னுரங்கம் பின்சுவரோடு ஒட்டி நின்றார். கரடி இடப்பக்கம் உறுமியது. நடுவுக்கு வந்தது.

யாரும் அழவில்லை. பிள்ளைகளின் தலைகள் எல்லாம் மெல்ல இடமிருந்து வலமாகத் திரும்பின.

உறுமல் தேய்ந்து மறைந்தது.

இரண்டாம் வரிசையில் ஒரு சிறுமி பக்கத்திலிருந்தவளின் கையைத் தட்டினாள்.

“போயிடுச்சுடீ. இப்ப மூச்சு விடு.”