மூன்றரையில் கால்

"சாமி, அளவைக் குறைச்சுக் குறைச்சுப் பார்த்துட்டேன். ரொட்டி குறைய மாட்டேங்குது."

ரொட்டிச் சாமி அடுப்பிலிருந்து தணலை இழுத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"எவ்வளவு குறைச்சீங்க?"

"நாலு பேருக்கான அளவு அது. ஒரு ஆளுக்கு வேணும். அதனால எல்லாத்தையும் கால் பங்கா ஆக்கினேன்."

"வந்தது?"

"நாலு பேருக்கு."

தணல் இழுத்த கம்பி அப்படியே நின்றது.

"உட்காருங்கம்மா" என்றார்.

மூடிப்போன தேயிலைத் தொழிற்சாலை அது. கூரையில் பாதி இல்லை. மலையில் பனி இறங்கினால் உள்ளேயும் இறங்கும். அவர் எங்கிருந்து வந்தவர் என்று யாருக்கும் தெரியாது. தாடியில் ஒரு நரைகூடக் கிடையாது. பசி என்று வந்தவர்களுக்கு ரொட்டி கொடுப்பார். கேள்வி என்று வந்தவர்களுக்கும் ரொட்டிதான் கொடுப்பார்.

தவமணி அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவள். இருந்தும் 'சாமி' என்றுதான் வாயில் வந்தது.

அவள் உட்கார்ந்தாள். சேலையின் கரை ஈரமாக இருந்தது. வெளியே மழை இல்லை.

"யாரோட அளவு அது?" என்று கேட்டார் சாமி.

"அவரோடது."

அவர் என்றால் சின்னராசு, அவள் புருஷன். எஸ்டேட் பங்களாவில் சமையல்காரன். அங்கே கற்றுக்கொண்ட ரொட்டியை ஞாயிறுதோறும் வீட்டில் சுடுவான். மூன்றரை கப் மைதா. ஒன்றேகால் கப் பால். அரை கப் சர்க்கரை. ஒன்றரை ஸ்பூன் ஈஸ்ட். நாலாக வெட்டினால் அவனுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, பெரியவள் சுகந்திக்கு ஒன்று, சின்னவள் மரகதத்துக்கு ஒன்று.

அன்றைக்கு அவளே சுட்டாள். கீழூரில் ஒரு கல்யாணம். ஜீப் வாசலில் வந்து நின்றபோது ரொட்டி அடுப்பில் இருந்தது.

"நீங்க மூணு பேரும் முன்னாடி போங்க. ரொட்டி வெந்ததும் எடுத்துட்டு நான் பஸ்ல வர்றேன்" என்றாள்.

வளைவில் மண் சரிந்தது. சாலையோடு ஜீப்பும் ஆற்றுக்குள் போனது. செய்தி வந்தபோது ரொட்டியின் சூடு ஆறவில்லை.

ஆறு ஒருவரையும் திருப்பித் தரவில்லை.

இதையெல்லாம் அவள் அழாமல் சொன்னாள். சாமியும் 'ஐயோ பாவம்' என்று சொல்லவில்லை.

"அப்புறம் எப்ப சுட்டீங்க?"

"மழைக்காலம் முடிஞ்சப்புறம். வீட்ல நான் ஒருத்திதானே? கால் பங்கு போதும்னு கணக்குப் போட்டேன். எடுத்துப் பார்த்தா அதே ரொட்டி. அதே பருமன்."

"ருசி?"

"அதுதான் சாமி புரியல. பருமன் குறையல. இனிப்பு மட்டும் இல்ல."

சாமி அவளை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"நாலா வெட்டுனீங்களா?"

"கை தானா வெட்டுச்சு. ஒண்ணைத் தின்னேன். மூணைத் தட்டுல வெச்சுட்டு விறகு எடுக்கப் போனேன். திரும்பி வந்தா மூணு தட்டும் காலி. மூணு நாற்காலியும் ஈரம்."

"பூனையா இருக்கும்."

"பூனை நாற்காலியை மேசைக்குள்ள தள்ளி வெச்சுட்டுப் போகுமா சாமி? எங்க பெரியவதான் அப்படிச் செய்வா."

பனி கூரை ஓட்டை வழியாக இறங்கி அவர்களுக்கு நடுவே நின்றது.

"பயமா இருக்கா?"

"இல்ல சாமி. அதான் பயமா இருக்கு."

அவள் குரல் தாழ்ந்தது.

"முதல்ல நாற்காலி மட்டும்தான் ஈரம். அப்புறம் தரை. போன வாரம் அடுப்படி வரைக்கும் தண்ணி. ஆத்துத் தண்ணி, சாமி. மண் வாசனை வருது. நேத்து ரொட்டியை வெட்டிட்டு இருந்தேன். பின்னாடி முந்தானையைப் பிடிச்சு யாரோ இழுத்தாங்க. சின்னப் பிடி. 'அம்மா, ரொட்டி வெந்துடுச்சுல்ல. வா'ன்னு ஒரு குரல்."

"போனீங்களா?"

"வாசப்படி வரைக்கும் போனேன். செருப்பு மாட்டறேன்னு குனிஞ்சப்பதான் கையில கத்தி இருக்கறதைப் பார்த்தேன். அப்படியே நின்னுட்டேன்."

தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இன்னொரு தடவை கூப்பிட்டா போயிடுவேன் சாமி. அதான் ஒரு ஆளுக்குச் சுடக் கத்துக்கலாம்னு வந்தேன்."

சாமி எழுந்தார். மாவு டின்னைக் கொண்டுவந்து வைத்தார். பால், சர்க்கரை, ஈஸ்ட். ஒரு முழு கப், ஒரு அரை கப், ஒரு கால் கப், ஒரு ஸ்பூன். அழுத்தித் துடைத்த ஒரு பலகை.

"சுடுங்க" என்றார்.

தவமணி சர்க்கரையில் தொடங்கினாள்.

"அரையில கால், அரைக்கால்" என்று முணுமுணுத்தாள். அரை கப்பைப் பலகையில் கொட்டி நாலாகப் பிரித்தாள். எட்டில் ஒரு பங்கு. ஒரு சிட்டிகைகூட அதிகம் இல்லை.

பிறகு மைதா. முழு கப்பால் ஒன்று, இரண்டு, மூன்று என்று அள்ளிப் போட்டாள். அரை கப்பை எடுத்து அதை மட்டும் நாலாக்கினாள். ஒரு பங்கை மூன்றோடு சேர்த்தாள்.

பால். முழு கப் ஒன்று. கால் கப்பில் கால், ஒரு வீசம். ஈஸ்ட். முழு ஸ்பூன் ஒன்று. அரையில் கால்.

சாமி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாவு உப்புவதைப் பார்த்தபடி இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். உச்சி வேளையில் ரொட்டி அடுப்புக்குள் போனது.

வெளியே வந்த ரொட்டியை அவள் இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது.

"பார்த்தீங்களா சாமி?"

"வெட்டுங்க."

வெட்டினாள். நாலு வாழை இலைத் துண்டுகளில் நாலு பங்கு.

கதவு தானாகத் திறக்கவில்லை. அந்தத் தொழிற்சாலைக்குக் கதவே இல்லை. வாசலில் இருந்த பனி மட்டும் இரண்டாக விலகியது.

சிமெண்டுத் தரையில் ஈரக் காலடிகள் வந்தன. ஒரு ஜோடி பெரியது. ஒரு ஜோடி நடுத்தரம். ஒரு ஜோடி மிகச் சின்னது. ஆள் யாரும் இல்லை.

சாமி தன் பாயை எடுத்து விரித்தார்.

"வாங்க" என்றார். தவமணியைப் பார்த்துச் சொல்லவில்லை.

அவளுக்கு அப்போதுதான் பயம் வந்தது. அதுவரை அவள் மனதின் ஒரு மூலையில், இதெல்லாம் தன் பித்து என்று ஒரு ஆறுதல் இருந்தது.

மூன்று இலைகள் காலியாயின. எப்படி என்று அவளால் பார்க்க முடியவில்லை. இமைத்தாள், ஒன்று இல்லை. இமைத்தாள், இன்னொன்று இல்லை. பாயின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து சாமியின் பாதத்தைத் தொட்டது. அவர் காலை நகர்த்தவில்லை.

முந்தானை இழுபட்டது.

"வா."

தவமணி எழுந்துவிட்டாள்.

"அம்மா" என்றார் சாமி. "மறுபடி அளங்க."

"கூப்பிடுதே, சாமி."

"அளந்துட்டுப் போங்க."

அவர் சொன்னது கைக்கு ஒரு வேலை என்பதால் அவளால் நிற்க முடிந்தது. திரும்பி வந்து பலகைமுன் உட்கார்ந்தாள். முந்தானை தளர்ந்தது. ஈரம் வாசல் பக்கம் பின்வாங்கியது.

சர்க்கரையை அளந்தாள். அரையில் கால். சாமி தலையசைத்தார்.

மைதா. முழு கப்பால் ஒன்று, இரண்டு, மூன்று.

"இதுல கால் எங்கே?" என்றார் சாமி.

"அரையில எடுப்பேன் சாமி."

"இந்த மூணுல?"

அவள் கை நின்றது.

"அது முழுசு, சாமி."

"முழுசுன்னா?"

"முழுசை எப்படிப் பிரிக்கறது? அரை ஏற்கெனவே உடைஞ்சது. அதை எத்தனை துண்டு வேணா ஆக்கலாம்."

சாமி மாவின் பக்கம் கை நீட்டினார்.

"வேண்டாம் சாமி!" அவள் பலகைமீது கவிழ்ந்து மூடிக்கொண்டாள். "அந்த மூணை மட்டும் தொடாதீங்க!"

குரல் தொழிற்சாலையின் மறுகோடிவரை போய்த் திரும்பி வந்தது. வாசலில் நின்ற பனி அசையவில்லை. அதுவும் கேட்டுக்கொண்டிருந்தது போல இருந்தது.

சாமி கையை இழுத்துக்கொண்டார். பலகையைத் தொடவில்லை. முழு கப்பை மட்டும் எடுத்தார். இடிந்த சுவர் வழியாக அதை ஆற்றுச் சரிவில் வீசினார்.

கல்லில் மோதும் சத்தத்துக்கு அவள் காத்திருந்தாள். சத்தமே வரவில்லை.

சாமி அரை கப்பை எடுத்து அவள் கையில் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டார். பிறகு அடுப்புக்கு விறகு வைக்கப் போய்விட்டார்.

தவமணி மூடிய கையை விரித்து அரை கப்பைப் பார்த்தாள்.

பிறகு மாவை அரை கப்பால் அள்ளிப் பலகையின் ஓரத்தில் ஒரு குவியலாகக் கொட்டினாள். அடுத்து ஒன்று. அதற்கடுத்து ஒன்று. முதல் குவியல்களைக் கொட்டும்போது மாவு சிதறியது. அதைப் புறங்கையால் ஒதுக்கிச் சேர்த்தாள். கொட்டக் கொட்டச் சிதறுவது குறைந்தது.

ஏழு குவியல்கள். எல்லாம் ஒரே அளவு.

எந்த இரண்டு சேர்ந்து எந்த முழுசாக இருந்தது என்று தேடினாள். தெரியவில்லை. தனியாக இருந்த அரை எது என்று தேடினாள். அதுவும் தெரியவில்லை.

அப்போதுதான் அழுதாள். ஆறு கொண்டுபோன நாளிலிருந்து அழாத அழுகை. சாமி விறகு அடுக்கிக்கொண்டே இருந்தார்.

அழுது முடித்ததும் கத்தியால் ஒவ்வொரு குவியலையும் நாலாக்கினாள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பங்கை மட்டும் நடுவே இழுத்தாள். ஏழு அரைக்கால். முக்காலே அரைக்கால் கப். ஒரு முழு கப்கூட நிறையாது.

பாலையும் அப்படியே கால் கால் கப்பாக ஐந்து தரம் ஊற்றினாள். ஒவ்வொன்றிலும் ஒரு வீசம் எடுத்தாள். ஐந்தும் சேர்ந்து காலே வீசம். ஈஸ்டையும் அப்படியே.

பலகை ஓரத்தில் மைதா நிறைய மிஞ்சியிருந்தது.

"இந்த மிச்சம் யாருக்கு சாமி?"

"அது இன்னும் ரொட்டி ஆகல. மாவு. டின்ல போடுங்க."

போட்டாள். மூடினாள்.

பிசைந்த மாவு அவள் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கியது. உப்பும்வரை அதைத் துணியால் மூடி மடியில் வைத்திருந்தாள். ஒரு குழந்தையின் தலை அளவு சூடு அதில் இருந்தது.

பொழுது சாயும் நேரம் ரொட்டி வெளியே வந்தது. சின்ன ரொட்டி. அவள் ஒரு கையில் எடுத்தாள்.

கத்தியைத் தேடினாள். சாமி அதை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார்.

வாசலில் பனி விலகியது.

ஈரக் காலடிகள் வந்தன. பெரிய ஜோடி, நடு ஜோடி, சின்ன ஜோடி. வாசற்படி வரை வந்து அங்கேயே நின்றன. உள்ளே பாய் இன்னும் விரித்துத்தான் இருந்தது. ஒரு காலடியும் படியைத் தாண்டவில்லை.

தவமணி கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள்.

"பசியோட வந்திருக்காங்க, சாமி. இதை எப்படி நாலாக்கறது?"

"எத்தனை பேருக்கு அளந்தீங்க?"

அவள் ரொட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"அளந்தது நீங்கதானே அம்மா?"

ஆற்றின் இரைச்சல் திடீரென்று பக்கத்தில் கேட்டது, சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுவதுபோல. சின்னக் காலடி மற்ற இரண்டையும்விட ஒரு விரற்கடை முன்னால் நகர்ந்தது. அதிலிருந்து தண்ணீர் படியில் சொட்டியது.

"அம்மா" என்றது குரல். "வா."

சாமி வாசலைப் பார்த்தார். தவமணியைப் பார்த்தார்.

"கூப்பிடறாங்களே, அம்மா" என்றார். "போகலையா?"

அவளால் பதில் சொல்ல முடியவில்லை. வாய் நிறைய ரொட்டி இருந்தது.