ஆடு தின்ற சுவடி

விலங்குகளும் நம்மைப் போலப் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், கொடியாள் என்றொரு வெள்ளாடு இருந்தது. நன்றாகவே பேசும். ஆனால் எவர் பேச்சையும் நம்பாது. "சௌக்கியமா?" என்று கேட்டால்கூட, எதற்குக் கேட்கிறாய் என்பது போல முறைக்கும்.

அந்தக் காட்டு ஓநாய்க்கு ஒரு வழக்கம் உண்டு. பிடித்த குட்டியை உடனே தின்னாது. எட்டாம் நாள் தாய் வந்து பேசலாம். மனம் இளகினால் விட்டுவிடும். அது இளகியதே இல்லை. மூக்காயி என்ற பெருச்சாளி மட்டும் பேசியே தன் குட்டியை மீட்டு வந்தது. 'திருட்டுத்தனமாக என்ன கொடுத்தாளோ' என்று கொடியாளுக்கு அன்றிலிருந்தே உறுத்தல்.

பிறகு கொடியாளின் குட்டியும் பிடிபட்டது.

மூக்காயி ஓர் ஓலைச்சுவடியை இழுத்துக்கொண்டு ஓடிவந்தது. "அழாதேக்கா. இதைப் படிச்சுத்தான் நான் பேசக் கத்துக்கிட்டேன். கோபக்காரங்ககிட்ட யார் யார் எப்படிப் பேசினாங்கன்னு இதுல இருக்கு. கத்தினவங்க தோத்திருக்காங்க. எதிராளி மனசைப் பார்த்துப் பேசினவங்க ஜெயிச்சிருக்காங்க. உட்காரு, எழுத்துச் சொல்லித் தர்றேன்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

அந்தச் சும்மாதான் கொடியாளுக்குப் பிடிக்கவில்லை.

சுவடியில் தகுந்த இடம் தேடி மூக்காயி தனக்குள் படித்தது. சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. என்னத்தையோ மெல்லுகிறாள் என்று கொடியாள் நினைத்தது. ஓலையை முகர்ந்தது. பூச்சி அரிக்காமலிருக்கப் பூசிய மஞ்சளும் எண்ணெயும் மணத்தன. பேச்சு வரவைக்கும் மருந்து! எழுத்து கிழுத்து என்று நம்மை ஏய்த்துவிட்டு மருந்தை இவள் தின்கிறாள்!

மூக்காயி தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், கொடியாள் சுவடியைக் கயிற்றோடு தின்று தீர்த்தது.

"என்னக்கா செஞ்சே! உன் குட்டி உயிரே அதுலதானே இருந்துச்சு!" என்று மூக்காயி பதறியது.

"யாருக்குக் காது குத்துறே?" என்றது கொடியாள். அத்தோடு, மருந்து வீணாகிவிடுமோ என்று எட்டாம் நாள்வரை வாயே திறக்கவில்லை.

எட்டாம் நாள் ஓநாய் முன் போய் நின்றது.

"சொல்லு," என்றது ஓநாய்.

தொண்டையில் ஓலைநார் அடைத்திருந்தது. "மே..."

"சொல்லு, கேட்கிறேன்."

"மே..."

ஓநாய் நிஜமாகவே கேட்கக் காத்திருந்தது, அதுதான் கொடுமை. குட்டி அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. நிழல் மறுபக்கம் திரும்பும்வரை பொறுத்திருந்துவிட்டு ஓநாய் எழுந்தது.

அன்றிலிருந்துதான் சுவரொட்டி, பொட்டலத்தாள், பள்ளிப் புத்தகம் என்று எழுத்துள்ள எதையும் ஆடு விடுவதில்லை. தின்று முடித்த பிறகும் வாயை அசைத்துக்கொண்டே நிற்கிறது. அன்று சொல்ல வேண்டியது இப்போதாவது வருகிறதா என்று, தலையை நிமிர்த்தி ஒரு தரம் கத்திப் பார்க்கிறது.