மூன்று தடவை அரைத்த பொடி

"மிஷின் நின்னு போச்சுங்கம்மா," என்றார் தெய்வசிகாமணி.

கடைக்குள் வந்தவர் உட்காரவில்லை. காபி மிஷினை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றார். ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் மெதுவாப் போப்பா, மெதுவாப் போப்பா என்று சொல்லியபடி வந்திருந்தார்.

மரகதம் ஒரு மிக்ஸி ஜாருக்கு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தாள். முடுக்கி முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"எப்பங்கய்யா?"

"காலைல ஆறரைக்குங்க. நாலு மணிக்கு பிருந்தா வருதுங்க."

சொல்லிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி அப்போது பத்தரை.

மரகதம் மேசையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.

சிங்காநல்லூர்ச் சந்து ஒன்றில் இருக்கும் அந்தக் கடையின் போர்டில் 'மிக்ஸி, கிரைண்டர் சர்வீஸ்' என்றுதான் எழுதியிருக்கும். உள்ளே ஒரு குரு இருக்கிறாள் என்று எழுதியிருக்காது. நாற்பது வயது மரகதமும் அப்படி ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. மிக்ஸியைச் சரிபண்ண வந்த யாரோ ஒருத்தர் தன் மனக்குறையையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அவள் ஏதோ பதில் சொல்லியிருக்கிறாள். அவர் மிக்ஸியை வாங்கிக்கொள்ள மறந்து வீட்டுக்குப் போய்விட்டார். அதிலிருந்து, சனிக்கிழமை காலையில் நாலைந்து பேர் வந்து பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள்.

தெய்வசிகாமணிக்கு அறுபத்து நாலு வயது. ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருஷம் சூப்பர்வைசராக இருந்தவர். இங்கே இரண்டு வருஷமாக வருகிறார். வந்ததில் ஐந்நூறு கேள்வியாவது கேட்டிருப்பார். மரகதம் நாலுக்குப் பதில் சொல்லியிருப்பாள். அந்த ஐந்நூறும் ஒரே கேள்விதான் என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

பிருந்தா அவருடைய ஒரே மகள். எட்டு வருஷத்துக்கு முன்னால் வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அம்மா ராஜாமணி கல்யாணத்துக்குப் போனாள். அப்பா கதவைத் தாழ்போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்தார்.

ஆறு வருஷம் பேச்சு வார்த்தை இல்லை. பிறகு ஒருநாள் அவரே போன் செய்து அழுதார். அவளும் அழுதாள். மன்னிச்சுட்டேன்ப்பா என்றாள்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

மறுநாள் மறுபடி போன் செய்து, நிஜமாகவே மன்னித்துவிட்டாயா என்று கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். அவள் ஆபீஸை விட்டு வெளியே வருகிற நேரம் பார்த்துத் தினமும் கேட்டார். மாப்பிள்ளை போனை எடுத்தால் மாப்பிள்ளையிடமும் கேட்டார். நீங்கள் கேட்கிற மன்னிப்புக்கு நீங்கள் செய்த தப்பே தேவலை என்று ராஜாமணி ஒருநாள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அதற்கும் அவர் ராஜாமணியிடம் மன்னிப்புக் கேட்டார்.

போன மாசம் பிருந்தா இந்த மிஷினை அனுப்பி வைத்தாள். அப்பா கையால் ஒரு காபி குடிக்க வருகிறேன் என்றாள். இந்தத் தடவை தனியாகத்தான் வருவாளாம். எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த தடவை மாப்பிள்ளையையும் குழந்தையையும் கூட்டி வருவாளாம். பேத்தியை அவர் இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறார்.

கடைசியாக அவள் சொன்னதுதான் அவர் தூக்கத்தைக் கெடுத்தது.

"ஆனா மன்னிச்சியான்னு ஒருதடவை கேட்டாலும் எந்திரிச்சுப் போயிருவேனுங்கப்பா. அப்புறம் வரமாட்டேன். என்னால முடியலை."

ஆக, தெய்வசிகாமணிக்கு இன்றைக்கு இரண்டு பயம். மிஷின் ஓடாமல் போய்விடுமோ என்பது ஒன்று. வாய் ஓடிவிடுமோ என்பது இன்னொன்று.

"என்ன போட்டீங்க?" என்று கேட்டாள் மரகதம்.

"பொடிங்க."

"எங்கே?"

மிஷின் தலையில் மூடி போட்டிருந்த கண்ணாடிப் பெட்டியை அவர் தொட்டுக் காட்டினார். "மேல இவ்வளவு பெரிய வாய் இருக்குதுங்க. மிஷின்னா சரக்கை மேலதானுங்களே போடோணும்?"

"இது காபிக்கொட்டை போடற பெட்டிங்க. கீழே அரைக்கிற கிரைண்டர் இருக்குது. நீங்க போட்டது கடைல அரைச்ச பொடியா?"

"எப்பவும் வாங்கறதுதானுங்க. கண்ணு முன்னால வறுத்து அரைச்சுக் குடுத்தாங்க. நூத்துக்கு இருபது சிக்கரி."

"அப்புறம்?"

"பட்டனை அமுக்குனேனுங்க. உர்ருன்னுச்சு. ஒண்ணும் வரலை. நைஸ் பத்தலையாட்ட இருக்குதுன்னு, எல்லாத்தையும் வழிச்செடுத்து வீட்டு மிக்ஸில ஒருக்கா ஓட்டி, மறுபடியும் அதுலயே போட்டேனுங்க."

"மறுபடியும்."

"ஆமாங்க. அப்பத்தான் முனகிட்டு நின்னு போச்சு."

மரகதம் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

பெட்டியைத் திருகிக் கழற்றினாள். பொடியைக் காகிதத்தில் கொட்டினாள். உள்ளே பல் பல்லாக இருந்த இரும்பு வளையத்தை வெளியே எடுத்தாள். சிக்கரி கலந்த பொடி, மழை ஈரத்தில் இறுகி, பல்லிடுக்கில் பொட்டுக்கடலை மாவு மாதிரி அப்பிக்கொண்டிருந்தது. ஒரு குச்சியை எடுத்து ஒவ்வொரு பல்லாகச் சுரண்ட ஆரம்பித்தாள்.

"சரியாயிருமுங்களா?"

"ஆயிருமுங்க."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். எழுந்தார். மணி பதினொன்று ஐந்து. இங்கிருந்து வீட்டுக்குப் போக முக்கால் மணி நேரம். வழியில் எங்காவது ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தால் ஒரு மணி நேரம்.

"சரியாயிருமுங்களாம்மா?"

"ஆயிருமுங்கய்யா."

பிருந்தா உள்ளே வந்ததும் மிஷினைத்தான் தேடுவாள். நான் அனுப்பினதைக்கூட உடைச்சுட்டீங்களா என்று பார்ப்பாள். வாயால் சொல்லமாட்டாள், பார்ப்பாள். அந்தப் பார்வையை இப்போதே பார்த்துவிட்டவர் மாதிரி அவருக்கு வேர்த்தது.

"ஏனுங்கம்மா, மிஷினைக் கெடுத்ததுக்கு மட்டும் தனியா மன்னிப்புக் கேட்டா, அதும் அந்தக் கணக்குல சேருமுங்களா?"

மரகதம் வளையத்தை வாயருகே வைத்து ஊதினாள். அவருடைய சலவைச் சட்டை முழுக்கப் பொடி பறந்து விழுந்தது. அவர் தட்டிவிடவில்லை. பதில் வருமா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வளையத்தை உள்ளே பொருத்தினாள். பெட்டியை மாட்டினாள். ஸ்விட்சைப் போட்டாள். தொந்தரவு இல்லாத சத்தத்தோடு கிரைண்டர் வெறுமனே சுற்றியது. அணைத்தாள்.

தெய்வசிகாமணி பெரிதாக மூச்சு விட்டார். பையிலிருந்து பொடி டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். அப்படியே பெட்டிக்குள் கொட்டப் போனார்.

பெட்டியின் வாயில் மரகதத்தின் உள்ளங்கை இருந்தது.

"பொடி அரைச்சதுங்கய்யா," என்றாள்.

அவர் கை அந்தரத்தில் நின்றது.

மிஷினோடு வந்த கைப்பிடிக் கிண்ணத்தை அவள் எடுத்தாள். அதற்குள் இருந்த வடிகட்டியை மாற்றி, அடியில் இரட்டைத் தகடு உள்ள இன்னொன்றைப் போட்டாள். கடைப் பொடிக்கு இதுதான் என்றாள். பொடியை நேராக அதிலேயே இரண்டு ஸ்பூன் போட்டாள். வீட்டு பில்டரில் பழகிய தோஷம், அவர் கட்டை விரலால் அதை அமுக்க வந்தார். சிக்கரி இருக்கிறது, அமுக்கினால் வழி அடைத்துக்கொள்ளும் என்று தடுத்து, கிண்ணத்தின் ஓரத்தில் இரண்டு தட்டு மட்டும் தட்டினாள். மிஷினில் பூட்டினாள். பட்டனை அமுக்கினாள்.

கறுப்பாக, நூல் மாதிரி, டிகாக்ஷன் இறங்கியது. சந்து முழுக்க வாசனை போயிருக்கும்.

"கிரைண்டர் வழியா போகவே இல்லீங்களே," என்றார் தெய்வசிகாமணி.

"இல்லீங்க."

"அது பாட்டுக்கு சும்மா இருந்தா ஒண்ணும் ஆயிராதுங்களா?"

"ஆகாதுங்க."

அவருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு பயம் தீர்ந்ததும் மற்றதற்கு இடம் தாராளமாகிவிட்டது. குனிந்து, யாருக்கும் கேட்கக் கூடாதது போலக் கேட்டார்.

"மன்னிச்சுட்டேன்னு பிருந்தா வாயில சொல்லுதுங்க. மனசார மன்னிச்சுருச்சான்னு நான் எப்படீங்கம்மா தெரிஞ்சுக்கறது?"

ஐந்நூற்று ஒன்று.

மரகதம் டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகைப் பொடியை எடுத்து அவர் விரல்களுக்கு நடுவே வைத்தாள்.

"தேச்சுப் பாருங்க. இன்னும் அரைக்கோணுமா?"

அவர் தேய்த்தார். விரல் ரேகைக்குள் பொடி ஏறியது. இதற்கு மேல் நைஸாக ஒன்று இருக்க முடியாது. ரொம்ப நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார். தேய்க்கத் தேய்க்க அவர் கண் நிறைந்தது.

"அதைக் கேக்கலைன்னா," என்றார், "அப்புறம் நான் எம்புள்ளைகிட்ட என்னத்தைங்க பேசறது?"

இதை அவர் இதற்கு முன் கேட்டதில்லை. கேட்டதும் அவருக்கே திக்கென்றது. இரண்டு வருஷமாக மகளோடு அவருக்கு இருந்தது அந்த ஒரு பேச்சுதான். அதை எடுத்துவிட்டால் சும்மா எதிரெதிரே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மரகதம் பெட்டியின் மூடியைத் துடைத்து மாட்டினாள்.

"கொட்டை போடற பெட்டி காலியாத்தானுங்களே இருக்குது," என்றாள்.

அடுத்த மிக்ஸி ஜாரை எடுத்துக்கொண்டாள்.

வீடு வரைக்கும் ஆட்டோவில் அவர் அதையே யோசித்துக்கொண்டு வந்தார். காபிக்கொட்டை வாங்கிக்கொண்டு போகச் சொல்கிறாளோ என்றுகூட நினைத்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

பிருந்தா நாலு மணி பத்து நிமிஷத்துக்கு வந்தாள். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் அவர் ஆறு தடவை வாசலுக்குப் போய்விட்டு வந்தார்.

மெலிந்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அப்பாவைப் பார்த்து, நல்லா இருக்கீங்களாப்பா என்றாள். சாப்பாட்டு மேசையில், வாசலுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். தோளில் மாட்டியிருந்த பையை இறக்கவில்லை.

அவர் மிஷின் முன்னால் போய் நின்றார். இரண்டு ஸ்பூன். இரண்டு தட்டு. டிகாக்ஷன் இறங்கியது. பாலை ஊற்றி, சர்க்கரை போட்டு, ஆற்றி, டம்ளரை அவள் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

அவள் குடித்தாள். பாதி குடித்துவிட்டு அவரைப் பார்த்தாள். மீதியைக் குடித்துவிட்டும் பார்த்தாள். எதற்காகக் காத்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. அந்த வார்த்தை அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டைக்கு வந்துவிட்டது. சமையலறையில் ராஜாமணி அடுப்பை அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் நின்றாள்.

தெய்வசிகாமணி பல்லைக் கடித்துக்கொண்டு மிஷின் பக்கம் திரும்பினார். அதன் தலையில் கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது. அதன் வழியே பின்னாலிருந்த சுவர் தெரிந்தது.

எட்டு வருஷமாக இந்த வீட்டில் யாரும் அந்தக் கல்யாண நாளைப் பற்றிப் பேசியதில்லை. பேசக் கூடாது என்று சொன்னவர் அவர்தான். கல்யாணத்திலிருந்து திரும்பிய ராஜாமணி, பட்டுச் சேலையைக்கூட மாற்றாமல், ஆசை ஆசையாகச் சொல்ல வந்தபோது, எனக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை என்று எழுந்து போய்விட்டார். அதன் பிறகும் கேட்டதில்லை. எழுநூறு நாள் மன்னிப்புக் கேட்டவர், இதை ஒருநாள்கூடக் கேட்டதில்லை. இது இன்னும் அரைபடாத கொட்டை.

"ஏஞ் சாமி," என்றார்.

பிருந்தாவின் கை பையின் வாரை இறுக்கிப் பிடித்தது.

"உன்ர கல்யாணத்தன்னிக்கு, காலை டிபனுக்கு என்ன போட்டாங்க?"

அவள் அவரையே பார்த்தாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

"இட்லிங்கப்பா," என்றாள். "பொங்கல். அப்புறம் சந்தகை."

"சந்தகையா. தேங்காய்ப் பாலோடவா?"

"தேங்காய்ப் பால் பாதிப் பந்தியிலயே தீந்து போச்சு. அவரோட சித்தப்பா வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு அவரே உக்காந்து துருவினாரு."

யார் பரிமாறினார்கள் என்று கேட்டார். சொன்னாள். மழை பெய்ததா என்று கேட்டார். தாலி கட்டுகிற நேரத்துக்குப் பிடித்துக்கொண்டதாம், பந்தலில் பாதிப் பேர் நனைந்தார்களாம். ராஜாமணி கதவோரத்தில் வந்து நின்று, நாதஸ்வரக்காரரின் மருமகன் வழுக்கி விழுந்ததைச் சொல்லு என்றாள். பிருந்தா அதையும் சொன்னாள். சொல்லும்போது பை தோளிலிருந்து நழுவி முழங்கைக்கு வந்தது. முழங்கையிலிருந்து தரைக்குப் போனது. அவள் கவனிக்கவில்லை.

"காபிதானுங்கப்பா அன்னிக்கு வாயில வைக்க முடியலை," என்று சொல்லிவிட்டு, காலி டம்ளரை அவர் பக்கம் நீட்டினாள்.