பாசிப் பாறையில் விழுந்த மான்

கோடையிலும் வற்றாத சுனை ஒரு காட்டில் இருந்தது. அந்தச் சுனையும் அதற்கு இறங்கும் பாறையும் ஒரு கரடிக்குச் சொந்தம்.

ஒருநாள் தண்ணீர் குடிக்க இறங்கிய பெண்மான், பாறையில் படிந்திருந்த பாசியில் வழுக்கி விழுந்தது. முன்னங்கால் மளுக்கென்று முறிந்தது.

வலியைவிட மானுக்குப் பயம்தான் பெரிதாக இருந்தது. இந்தக் காலோடு எங்கே போய் மேய்வது? அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய இடத்தின் குறையால் அடிபட்டதோ, அவர்தான் கால் கூடும்வரை தழை கொண்டுவந்து போட வேண்டும். ஆனால் அந்தக் குறையை, காட்டுக்கு நியாயம் சொல்லும் யானையிடம் காட்டி நிரூபிக்க வேண்டும்.

கரடி ஓடி வந்தது. "விழுந்துவிட்டாயா தாயி? பத்து நாளாக இந்தப் பாசியைச் சுரண்ட நினைக்கிறேன், கை ஒழியவில்லை."

"யானையாரிடம் முறையிடப் போகிறேன் அண்ணே. இதையே அவரிடமும் சொல்லுங்கள்."

"சொல்லாமல் இருப்பேனா? ஆனால் பெரியவர் முன்னால் இந்தக் கோலத்திலா நிற்பாய்? உடம்பெல்லாம் பச்சையாக அப்பிக் கிடக்கிறதே. அந்த மரத்துக்குப் பின்னால் படுத்து நக்கிச் சுத்தம் செய்துகொள். அவரை நானே அழைத்து வருகிறேன்."

மானுக்கு வெட்கமாகிவிட்டது. எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டே, குளம்பு முதல் வயிறு வரை ஒரு பொட்டுப் பாசி இல்லாமல் நக்கி எடுத்தது. அதற்குள் கரடி மணலைப் போட்டுப் பாறையைத் தேய்த்துக் கழுவிவிட்டது. பிறகுதான் யானையைத் தேடிப் போனது.

யானை வந்து துதிக்கையால் பாறையைத் தடவியது. "பாசி எங்கே அம்மா?"

"இங்கேதான் ஐயா இருந்தது. பத்து நாளாக இருக்கிறது என்று அண்ணனே சொன்னாரே."

"நானா? அதை யார் கேட்டது?" என்றது கரடி. "தினமும் தேய்க்கிற பாறை ஐயா இது. எங்கேயோ துள்ளிக் காலை ஒடித்துக்கொண்டு, என்மேல் பழி போடுகிறது."

"விழுந்திருந்தால் உடம்பில் பாசி ஒட்டியிருக்குமே. காட்டு, பார்க்கலாம்" என்றது யானை.

மான் குனிந்து தன்னைப் பார்த்தது. உடம்பு பளபளவென்று இருந்தது.

"நீ பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் எனக்குத் தோன்றுவதை வைத்து ஒருவர்மேல் குற்றம் சாட்ட முடியாது" என்று சொல்லிவிட்டு யானை போய்விட்டது.

மறுநாள் மான்கூட்டம் மேய்ச்சல் தேடி அடுத்த மலைக்குக் கிளம்பியது. பெண்மான் மூன்று காலால் கொஞ்ச தூரம் பின்னாலேயே போனது. அப்புறம் முடியவில்லை. கூட்டம் போன வழியைப் பார்த்தபடியே படுத்துவிட்டது.

நீதி: தீங்குக்குக் காரணமானவரின் இனிய பேச்சை நம்பி, அந்தத் தீங்கின் அடையாளத்தை நாமே அழித்துவிடக் கூடாது.