பாடம் முடியட்டும்

ஆற்றங்கரை மடத்தில் கலியன் என்றொரு சீடர் இருந்தார். முப்பதைத் தாண்டியவர். அவருடைய குரு அம்பலவாணர் வயதில் அவருக்கு இளையவர்.

கலியனுக்கு எழுத்து வசப்படவில்லை. காலையில் பழகிய எழுத்து மாலையில் புதுமுகமாக நிற்கும். ஒரு வரியைப் பிடித்தால் அடுத்த வரி குறுக்கே வந்து விழும். குரு மணலில் எழுத வைத்தார். பாட்டாகப் பாட வைத்தார். களிமண்ணில் எழுத்தைப் பிடித்து விரலால் தடவ வைத்தார். கொஞ்சம் வந்தது. வந்ததில் பாதி போனது. அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள்கூட ஏடு முடித்துப் போய்விட்டார்கள்.

அதற்காகக் கலியன் முடங்கி உட்காரவில்லை. மறுநாளும் முதல் ஆளாக வந்து குந்துவார். ஆனால் எதற்கும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. கூட்டாளிகள் தேர் பார்க்கக் கூப்பிட்டால், பாடம் முடியட்டும் என்பார். மத்தளம் பழக அவருக்குக் கொள்ளை ஆசை. அதுவும் பாடம் முடிந்த பிறகுதான்.

பரிசல் ஓட்டும் தையல்நாயகி அவரைக் கட்டிக்கொள்ள விரும்பினாள். அவளைக் கண்டால் அவருக்கும் முகம் மலர்ந்துவிடும். கரையில் நின்று பேசத் தொடங்கினால் பொழுது போவது தெரியாது. அவள் கல்யாணப் பேச்சை எடுத்தபோது அவளுக்கும் அதே பதில் கிடைத்தது.

அந்த வருஷம் தையல்நாயகியின் வீட்டார் பிழைப்புக்காக மேற்கே ஏரிக்கரைப் பக்கம் குடிபெயர முடிவு செய்தார்கள். அவள் நேராக மடத்துக்கு வந்தாள். கலியனை வைத்துக்கொண்டே குருவிடம் கேட்டாள்.

"சாமி, இவர் பாடம் எப்போது முடியும்?"

"தெரியாது அம்மா. முடியாமலே போனாலும் போகும்."

அவள் கலியன் பக்கம் திரும்பினாள். தை பிறந்ததும் கிளம்புகிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கலியன் குருவைப் பார்த்துக் கேட்டார்.

"அப்படியானால் நான் எப்போது சுவாமி வாழத் தகுதியாவேன்?"

"சாப்பிட வாரும்" என்றார் குரு.

மதியப் பந்தி நடந்துகொண்டிருந்தது. கலியனுக்கு இலை போட்டு, சோறும் பருப்பும் நெய்யும் குருவே பரிமாறினார். கலியன் கை வைக்கும்போது தடுத்தார்.

"இந்த ஏட்டில் ஒரு பக்கம் வாசித்து முடித்துவிட்டுச் சாப்பிடும்."

கலியன் வாசித்தார். முதல் வரி வந்தது. அடுத்ததில் தடுக்கி நின்றார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பக்கத்தில் இருந்தவர்கள் சாப்பிட்டு இலையை மடித்துக்கொண்டு போனார்கள். சோறு ஆறியது. நெய் உறைந்தது. வயிறு இரைந்தது.

அவர் ஏட்டை ஒருமுறை பார்த்தார். இலையை ஒருமுறை பார்த்தார். பிறகு ஏட்டைப் பக்குவமாகக் கீழே வைத்தார்.

"மன்னிக்க வேண்டும் சுவாமி. இதை முடித்துத்தான் சாப்பிட வேண்டும் என்றால் இந்த ஜன்மத்தில் எனக்குச் சோறு இல்லை. சாப்பிட்டுவிட்டு வாசிக்கிறேன்."

குரு உள்ளே போய்ச் சூடான ரசம் கொண்டுவந்து ஊற்றினார்.

முதல் கவளம் உள்ளே போனது. அடுத்தது கையிலேயே நின்றது. கலியன் நிமிர்ந்து குருவைப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தவர் மெல்லச் சிரிக்கத் தொடங்கினார். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார், கை கழுவினார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கு நடந்தார்.

தை மாதம் மடத்து முற்றத்திலேயே கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை மத்தளத்தைக் கேட்டு வாங்கித் தட்டினார். தாளம் தப்பியது. அவரே விழுந்து விழுந்து சிரித்தார். தையல்நாயகி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஏரிக்கரைக்குப் போக வண்டி கட்டியாயிற்று. ஏறப் போன கலியன் இறங்கி வந்து குருவை வணங்கினார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது.

"சுவாமி, பாடம் இத்தோடு நின்றுவிட்டதா?"

"யார் சொன்னது?" என்றார் குரு. "வீடு எந்தப் பக்கம் என்று சொல்லி அனுப்பும். நான் அங்கே வருகிறேன்."