ஒரு வாய் குறைந்த கோப்பை

“நேர்ல பாத்தா ஒயின். படத்துல மட்டும் ஏன் டீச்சர் வெறும் சாறா தெரியுது?”

கேட்டவர் மரியபிரகாசம். புதுச்சேரிக் கடற்கரையை ஒட்டிய ஓட்டலில் இருபத்தாறு வருடமாக மது கலந்து கொடுப்பவர்.

கேட்டது செலினிடம். உணவைப் படம் எடுப்பவள். அவரைவிடப் பதினேழு வயது சின்னவள். குறைவாகப் பேசுவாள்.

ஓட்டலின் கோடை மெனுவுக்கு பிரெஞ்சுப் பாணியில் புதிய காக்டெயில் ஒன்று வேண்டியிருந்தது. பிரகாசம் கறுப்பு திராட்சையைப் பிழிந்தார். காய்ந்த செம்பருத்தியை ஊறவைத்தார். துவர்ப்புக்கு டீ டிக்காஷன், வாசனைக்கு ஆரஞ்சுத் தோல். ஒரு சொட்டு மது கிடையாது. ஆனால் கோப்பையில் ஊற்றினால் சிவப்பு ஒயின்தான்.

படத்தையும் தானே எடுக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். அதற்காகத்தான் கற்றுக்கொள்ள செலினின் ஸ்டுடியோவுக்கு வந்தார்.

“வெளிச்சம் அப்படியே ஊடுருவிப் போயிடுது அண்ணே. பின்னால கறுப்பு அட்டை வைங்க.”

வைத்தார். எடுத்தார். இப்போது படத்திலும் அது ஒயின்.

அவர் சிரிக்கவில்லை. படத்தையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“டீச்சர், இதுல குறையுது.”

மேசைமேல் கோப்பை முக்கால் அளவு இருந்தது. படத்தில் அதைவிட ஒரு வாய் குறைவு.

“இன்னொண்ணு எடுங்க.”

எடுத்தார். இரண்டு வாய் குறைவு.

மே மாத நடுப்பகல். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. ஒருக்களித்த சன்னல் வழியாக வெயில் கோடாக விழுந்திருந்தது. அந்த வெயிலில் நின்றுகொண்டே பிரகாசத்துக்குக் குளிரெடுத்தது.

மூன்றாவது படத்தில் கோப்பையின் விளிம்பில் ஈரமாக ஓர் உதட்டுத் தடம்.

மேசைமேல் இருந்த கோப்பையின் விளிம்பை விரலால் தடவினார். காய்ந்திருந்தது.

“யாரோ குடிக்கிறாங்க டீச்சர்.”

செலின் ஆச்சரியப்படவில்லை.

“இத யாருக்காகச் செஞ்சீங்க?”

“ஓட்டலுக்கு.”

அவள் காத்திருந்தாள்.

“ஓட்டலுக்குத்தான்” என்றார் மறுபடியும். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“லூசியா. என் வீட்டுக்காரி. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்தா ஒரு கிளாஸ் ஒயின் வேணும் அவளுக்கு. போன வருஷம் டாக்டர் கூடாதுன்னுட்டாரு. ‘ஊருக்கெல்லாம் கலந்து குடுக்கறீங்க, எனக்கு ஒயின் மாதிரியாவது ஏதாச்சும் செஞ்சு குடுங்களேன்’னு கேட்டா. ஓட்டல்ல அப்ப நல்ல கூட்டம். அடுத்த வாரம்னேன். அதுக்கடுத்த வாரமும் அதையேதான் சொன்னேன்.”

படத்தில் இருந்த உதட்டுத் தடத்தைப் பார்த்தார்.

“அதுக்கப்புறம் அவ கேக்கல. கேக்கறதுக்கு அவளே இல்ல.”

சட்டென்று எழுந்து கோப்பையை எடுத்தார்.

“இத ஊத்திடறேன். மெனுவும் வேணாம், படமும் வேணாம்.”

செலின் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். கோப்பையை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

கேமராவை அணைத்தாள். கறுப்பு அட்டையை எடுத்துவிட்டாள். சுவரோரம் கிடந்த இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து அவருக்கு எதிரே போட்டாள். கோப்பையை அந்தப் பக்கமாக நகர்த்தினாள்.

பிறகு தள்ளி வந்து நின்றாள்.

நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. யாராவது உட்காரும்போது கிறீச்சிடுமே, அப்படி.

கோப்பையில், இப்போது நேரிலேயே, ஒரு வாய் குறைந்தது.

பிரகாசம் மெல்லத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நான்... நான் இப்ப என்ன செய்யணும் டீச்சர்?”

செலின் கதவைத் திறந்து வெளியே ஒரு கால் வைத்தாள்.

“புளிப்பு சரியா இருக்கான்னு கேளுங்க.”